அத்தானுக்குக் கேட்காத சொற்கள்

என் அத்தானுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். பாம்புச்செவி என்றே சொல்லலாம். பக்கத்து வீட்டு அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு கொதிக்கிற சத்தத்தை வைத்தே அது வெந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். ஆனால் மலையாளச் சொல்லோ, வேறெங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட சொல்லோ கலந்து யாராவது அவரிடம் பேசினால் அந்தக் கணமே செவிடாகிவிடுவார். முகம் மாறாது. கோபம் வராது. திருத்தவும் மாட்டார். அப்படி ஒருவர் எதிரில் நின்று பேசவே இல்லை என்பதுபோல் கையில் இருக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு அது முதல் தடவையே தெரிந்துபோயிற்று. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. எங்கள் வீடு மார்த்தாண்டத்தில். அப்பாவுக்குச் சந்தையில் ஏத்தன் வாழைக்குலை வியாபாரம், நான் அவருக்குக் கூடமாட நின்றேன். அத்தானுக்கு நாகர்கோவிலுக்குக் கிழக்கே ஒரு கிராமம். நல்ல குலை ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் மாறி, வயல்வரப்பில் நடந்து, அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

“அளியா!” என்றேன். எங்கள் பக்கத்தில் அக்காள் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவோம். அதில் ஒரு உரிமை உண்டு, கொஞ்சம் கேலியும் உண்டு.

அவர் தலை நிமிரவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். பத்திரிகையின் பக்கத்தைத் திருப்பினார். குலையின் பால் வடிந்து என் சட்டையில் கறையாகிக்கொண்டிருந்தது. அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்து என் காதோடு சொன்னாள், “அத்தான்னு விளி தம்பி.”

“அத்தான்” என்றேன்.

“அடடே, வா மாப்பிளே! எப்ப வந்தே? வெயில்ல ஏன் நிக்கே?” என்று எழுந்துவந்து குலையை வாங்கி இறக்கிவைத்தார். அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷம் பொய்யில்லை. எனக்கு வந்த எரிச்சலும் பொய்யில்லை.

எங்கள் மேற்குப் பக்கத்துப் பேச்சைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் குடிப்பது வெள்ளம். சந்தையில் வாங்கும் காய்கறி மலக்கறி. உட்காருவது கசேரையில், எழுதுவது மேசையில், வீட்டைப் பூட்டுவது சாவியால். இதில் எது ஆற்றுக்கு அப்பால் மலையாளக் கரையிலிருந்து வந்தது, எது பறங்கிக் கப்பலில் வந்தது, எது சர்க்கார் சேவகனோடு வந்தது என்று யாரும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக் கோழி நம் முற்றத்தில் மேய்ந்தால் யாராவது கணக்குக் கேட்பார்களா? அப்படி மேய்ந்துகொண்டிருந்த சொற்கள் அவை. அந்தச் சொற்களோடுதான் அக்கா அத்தான் வீட்டுக்குப் போனாள். நகையும் பாத்திரமும் கொண்டுபோனது போல.

போன மாதம் என் பேத்தி ஒரு சங்கதி சொன்னாள். மொழிகளைப் பற்றிப் படிக்கிறவள். சைபீரியாவில், பனி உறைந்து கிடக்கிற மூலையில், யூகாகிர் என்று ஒரு ஜனம் இருக்கிறதாம். கொஞ்சம் பேர்தான் மிச்சம். அந்தப் பாஷையைப் பேசுகிறவர்கள் அதிலும் கொஞ்சம். பக்கத்தில் பனிமான் மேய்க்கிறவர்களிடமிருந்து சில சொற்கள், யாகூத்துகள் என்கிற இன்னொரு கூட்டத்தாரிடமிருந்து சில, ரஷ்யாக்காரனிடமிருந்து சில என்று வாங்கி வைத்திருக்கிறார்களாம். ரஷ்யாவிலிருந்து தேயிலை வந்தபோது அதன் பெயரும் மூட்டையோடு வந்து இறங்கிவிட்டதாம். “அவங்க அதுக்காக வருத்தப்பட்டாங்களா?” என்று கேட்டேன். “குளிர்ல டீ குடிக்கறவன் எதுக்குத் தாத்தா வருத்தப்படணும்?” என்றாள். எனக்கு அத்தான் ஞாபகம் வந்தது. அவர் காதில் விழுந்திருந்தால் ஒரு கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு அந்த ஜனங்களைச் சுத்தம் பண்ணக் கிளம்பியிருப்பார். மிச்சமிருக்கிற கொஞ்சம் பேரும் அவருக்குப் பயந்து வாயை மூடியிருப்பார்கள்.

கேலி இருக்கட்டும். அவர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிப்போகும். குடி கிடையாது, கை நீட்டுகிற வழக்கம் கிடையாது. தோவாளைப் பக்கம் போனால் அக்காவுக்குப் பூ வாங்காமல் வரமாட்டார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக அவளை ஒரு சொல் சொன்னவரில்லை. சொன்னவர்களை வீட்டுப் படி ஏறவிட்டவருமில்லை. எல்லாம் சரி. ஆனால் இரண்டே பேர் இருக்கிற வீட்டில் ஒருவர் அடிக்கடி செவிடாகிவிட்டால் மற்றவர் என்ன செய்வது?

அவர் பிழைப்பு நிலப் பத்திரம் எழுதுவது. அந்த நாளில் அதற்கு ஆதாரம் எழுதுவது என்று பேர். அவர் மட்டும் ஆவணம் என்பார். பதிவுக் கச்சேரி வாசலில், வேப்பமரத்தடியில், சாய்வுப் பலகையை மடியில் வைத்து எழுதுவார். சொத்துக்கு வஸ்து, உரிமைக்கு அவகாசம், வரிக்குக் கரம், அரசுக்குச் சர்க்கார் என்று பகல் முழுக்க எழுதுவதெல்லாம் அவருக்கு ஆகாத சொற்கள். எங்கள் பக்கமெல்லாம் அப்போது மலையாள ஆட்சியில் இருந்ததால், மேலதிகாரி கூப்பிட்டால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மலையாளத்தில் பதில் சொல்ல வேண்டும். அங்கே மட்டும் இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். கேட்காவிட்டால் அடுப்பு எரியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேராகக் கிணற்றடிக்குப் போவார். கால் கழுவுவதற்கு முன்னால் வாயைக் கொப்பளிப்பார். தொண்டை வரைக்கும் தண்ணீர் விட்டு, காறித் துப்பி, மறுபடியும் கொப்பளித்து, அதன் பிறகுதான் உள்ளே வருவார். வெற்றிலை போடாத மனிதர் எதற்கு இப்படிக் கொப்பளிக்கிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை.

ஒருநாள் வயல்வழியே நடந்து வரும்போது அவரே சொன்னார். அவர் தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் அதிகாரி இருந்தாராம். இவர் மலையாளத்தில் ஒரு வாக்கியம் சொல்ல, உச்சரிப்பு சரியில்லை என்று அந்த ஆள் பேனாவை வைத்துவிட்டு, “ஒந்நுகூடெ பறயெடோ” என்றாராம். இவர் இன்னொரு தடவை சொல்லியிருக்கிறார். மறுபடி அதே. நிலம் விற்க வந்தவன், வாங்க வந்தவன், சாட்சிக்காரன், சேவகன் என்று எல்லாரும் சுற்றி நின்று சிரிக்க, பள்ளிக்கூடத்துப் பையனைப் போல இவர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். கடைசியில் அந்த ஆள், பாண்டித் தமிழனுக்கு நாக்கு வளையாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம்.

“சிரிச்சவன் பூரா நம்ம ஆளாக்கும் மாப்பிளே. தமிழனாக்கும்” என்றார் அத்தான்.  வரப்பில் கிடந்த ஒரு மண்ணாங்கட்டியைக் காலால் உதைத்தார். அன்று எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. பாவம் என்றும் தோன்றியது. ஆனால் உதைக்க வேண்டிய இடம் ஒன்று, உதைத்த இடம் ஒன்று. கச்சேரியில் வாங்கியதை அவர் அங்கே திருப்பிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார்.

ஒரு ஐப்பசி மாத மழையில் நடந்தது இது. கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு இருவரும் திரும்பியிருக்கிறார்கள். மழை கொட்டுகிறது. கதவு பூட்டியிருக்கிறது.

“சாவி உங்க கையிலயா இருக்கு?” என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

அத்தான் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அக்கா தன் மடியைத் தேடி, பலகாரப் பொட்டலத்தைப் பிரித்துத் தேடி, வந்த வழியில் விழுந்ததோ என்று தெருமுனை வரை போய்த் தேடிவிட்டு வந்திருக்கிறாள். பட்டுச்சேலை சாயம் போய் பாவாடையில் இறங்கியிருக்கிறது. அதற்கப்புறம்தான் அவளுக்கு மண்டையில் உறைத்து, “திறவுகோல்” என்றிருக்கிறாள். உடனே அத்தான் இடுப்பிலிருந்து எடுத்துக் கதவைத் திறந்துவிட்டார். “பாவம், அவியளும் நனைஞ்சு போச்சு தம்பி. பொறவு காய்ச்சல்ல கெடந்தாவ” என்று அக்கா இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்போது அவளுக்குச் சிரிக்க முடிந்தது.

மெல்ல மெல்லச் சிரிப்பு குறைந்தது. நான் போகும்போதெல்லாம் பார்ப்பேன். அவர் இருக்கும்போது ஒரு வாக்கியத்தைத் தொடங்குவாள், பாதியில் நிறுத்துவாள், வரப்போகிற சொல் ஆகுமா ஆகாதா என்று யோசிப்பாள், கையால் சாடை காட்டிவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். எங்கள் வீட்டில் அவள் வாயை அடைக்க ஆள் இருந்ததில்லை. சந்தையில் அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்தால் குலை ஏற்ற வந்த வண்டிக்காரர்கள் எல்லாரும் அவள் பேச்சைக் கேட்க நிற்பார்கள். இங்கே பசுமாடு ஒன்றுதான் கேட்க இருந்தது. தொழுவத்தில் அவள் அதனோடு மேற்குப் பேச்சில் மணிக்கணக்காகப் பேசுவாள். அது காதை ஆட்டிக்கொண்டு கேட்கும். அத்தான் எவ்வளவு தூய தமிழில் கூப்பிட்டாலும் அந்த மாடு எழுந்து நிற்காது.

அதற்குள் நாட்டில் போராட்டம் சூடு பிடித்துவிட்டது. தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம். தயவுசெய்து என்னைத் தப்பாக நினைக்க வேண்டாம். அந்தப் போராட்டம் நியாயமானது. நானும் கொடி பிடித்தவன்தான். எங்கள் ஊரில் துப்பாக்கிச்சூடு நடந்தபோது சந்தைக்குள் குலைகளுக்கு நடுவே படுத்துக் கிடந்தவன்தான். அத்தான் ஜெயிலுக்கே போனார். போலீஸ் அடியில் இடது தோள் இறங்கிப்போய், அதற்குப் பிறகு சட்டை போட அக்காதான் உதவ வேண்டியிருந்தது. ஜெயிலிலிருந்து வந்தவருக்கு மாலை போட்டு வண்டியில் ஏற்றிக் கூட்டிவந்தார்கள். வண்டியிலிருந்து இறங்கியவருக்கு அக்கா செம்பில் தண்ணீர் கொடுத்தாள். கண்ணெல்லாம் கலங்கி, “ஒத்திரி மெலிஞ்சு போனியளே” என்றாள்.

மாலையும் கழுத்துமாக நின்ற அந்த மனிதருக்கு அது கேட்கவில்லை. ‘ரொம்ப’ என்று சொல்லாமல் வந்த ‘ஒத்திரி’ தடுத்துவிட்டது.

அப்பா இறந்தது அதற்கு அடுத்த வருஷம். இதை எழுதுவதற்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன் என்று இப்போது தெரிகிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. தகப்பன் செத்தால் மகள் வந்து சேரும்வரை குளிப்பாட்ட எடுக்க மாட்டார்கள். அவள் வந்து, தலைமாட்டில் உட்கார்ந்து, நாலு வார்த்தை சொல்லி அழ வேண்டும். அது வெறும் அழுகை இல்லை. அப்பன் என்ன வாங்கித் தந்தான், எப்படிக் கூப்பிட்டான், தனக்கு என்ன குறை வைத்துவிட்டுப் போகிறான் என்று எல்லாவற்றையும் முறையிட்டு அழ வேண்டும். அவள் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றப் பெண்கள் கூடச் சேர்ந்து அழுவார்கள். பெண் பிள்ளை பெற்றவனுக்குக் கிடைக்கிற கடைசி மரியாதை அது.

அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவில் ஓடிவந்தாள். பின்னால் அத்தானும் அவரோடு போராட்டக்காரர்கள் ரெண்டு பேரும் வந்தார்கள். பெரிய மனிதர்கள். மரியாதைக்காகத் துண்டும் மாலையுமாக வந்திருந்தார்கள். அக்கா முடியை அவிழ்த்துவிட்டு அப்பா தலைமாட்டில் விழுந்தாள்.

“எனக்க அப்பா... என்ன மக்களேன்னு விளிக்க இனி யாரு இரிக்கா... ஒரு மொடக்கு வெள்ளம் எனக்க கையால குடிக்காம போனியளே அப்பா...”

கூடத்தில் இருந்த பெண்களெல்லாம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு எழும்பி வந்தார்கள். எவ்வளவு நாளாக அடைத்துக் கிடந்த குரல் அது! எனக்கு மயிர் சிலிர்த்தது. அப்போது அத்தான் ஆண்கள் பக்கத்திலிருந்து வந்து, அக்கா பின்னால் குனிந்து, அவள் தோளைத் தொட்டார். தேற்றுகிறார் என்றுதான் நினைத்தேன். நான் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

“அழு. நல்லா அழு. ஆனா தமிழ்ல அழு. ஆளுகெல்லாம் வந்திருக்காவ.”

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தபடியே இருந்தது. வெள்ளத்துக்குப் பதில் தண்ணீர் என்று அவளுக்குத் தெரியும்; அது எப்போதோ பழகிவிட்டது. ஆனால் அப்பா அவளுக்குத் தண்ணீர் கொடுத்ததே இல்லையே! அவர் கொடுத்ததெல்லாம் வெள்ளம்தானே! அவள் கொஞ்ச நேரம் அப்பா முகத்தைப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

பெண்கள் காத்திருந்தார்கள். அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, அக்காவைக் கட்டிக்கொண்டு, “அழு மக்கா. ஒனக்க அப்பனாக்கும் கெடக்கியது. ஒரு வாக்கு பறஞ்சு அழு மக்கா” என்று உலுக்கினாள். அக்காவின் உடம்பு ஆடியது, அவ்வளவுதான். சத்தம் வரவில்லை. கண்ணீரும் வரவில்லை. கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் நேரமாகிறது என்று யாரோ சொல்ல, மகள் அழாமலே அப்பாவைக் குளிப்பாட்ட எடுத்தார்கள்.

நான் கொள்ளி வைக்க வேண்டியவன். ஈரவேட்டியோடு நின்றேன். அன்று அந்த வேட்டி மட்டும் என் இடுப்பில் இல்லாதிருந்தால் இறங்கிப்போன அவர் தோளை நானும் ஒரு கை பார்த்திருப்பேன்.

ஊர் சும்மா இருக்குமா? பெற்ற அப்பனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் என்று பேர் வந்தது. கிழக்கே கட்டிக்கொடுத்ததும் மனசு கல்லாகிவிட்டது என்றார்கள். அப்பா சொத்தில் பங்கு தராத கோபம் என்று ஒருத்தி கதை கட்டினாள். வருஷக்கணக்கில் சந்தையில் என்னிடமே கேட்டிருக்கிறார்கள், “ஒனக்க அக்கா ஏன்டே அழல்ல?” என்று. நான் குலையை எண்ணத் தொடங்கிவிடுவேன்.

சடங்கெல்லாம் முடிந்தபிறகு அத்தானிடம் கேட்டேன். சண்டையாகத்தான் கேட்டேன். அவர் நிஜமாகவே திகைத்துப்போனார்.

“நான் அழாதேன்னா சொன்னேன் மாப்பிளே? நல்ல சொல்லாச் சொல்லி அழுன்னுதானே சொன்னேன்? மாமாவுக்குக் கெவுரவமா இருக்கட்டும்னுதான் சொன்னேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அயோக்கியன் என்றால் வெறுத்துவிட்டுப் போய்விடலாம். இவரை என்ன செய்வது?

அதற்குப் பிறகு அத்தான் ஆசைப்பட்டது எல்லாம் நடந்தது. அக்காவின் வாயில் ஒரு கலப்புச் சொல் வருவதில்லை. “உணவு ஆயத்தம்” என்பாள். “தண்ணீர் இருக்கிறது” என்பாள். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற குரலில் சொல்வாள். சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அத்தான் அதிகமாகப் பேச ஆரம்பித்தார். இரவுச் சாப்பாட்டின்போது அன்றைய கூட்டம், தீர்மானம், ஆற்றுக்கு அப்பால் யார் என்ன சொன்னான் என்று விரிவாகச் சொல்வார். அக்கா தலையாட்டிக்கொண்டே பரிமாறுவாள். அவர் பெருமையோடு என்னைப் பார்ப்பார்.

“பாத்தியா மாப்பிளே, உங்க அக்கா நாக்கு எப்படித் திருந்திட்டு! மனசு வச்சா ஆகாததா?”

நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். ஒரு விஷயம் அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவரும் எங்கள் ஜில்லாக்காரர்தானே? சொல்லையெல்லாம் பொறுக்கி எடுத்து வெளியே போட்டுவிட்டார். ஆனால் பேச்சின் ராகம் அப்படியே கிடந்தது. ஒவ்வொரு வாக்கியமும் கடைசியில் ஏறி இறங்கும். ‘ஆக்கும்’ போடாமல் அவரால் ஒரு பேச்சை முடிக்க முடியாது. அது எங்கள் யார் காதுக்கும் வித்தியாசமாகப் பட்டதில்லை, எங்களுக்கும் அதே ராகம்தான்.

ஐம்பத்தாறில் இணைப்பு வந்தது. அன்று நாகர்கோவிலில் அவரைத் தோளில் தூக்கினார்கள். வீட்டுக்கு வரும்போது கழுத்தில் மாலை, சட்டை முழுக்க சந்தனம். கிணற்றடிக்குப் போகாமல் நேராக உள்ளே வந்தார். “இனி அந்த எழவையெல்லாம் பேச வேண்டாமாக்கும்” என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். அக்கா அவருக்கு மாலையைக் கழற்றி, நல்ல தோளை முதலில் விடுவித்து, சட்டையைக் கழற்ற உதவினாள்.

சில வாரங்களில் கச்சேரிக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புது அதிகாரி வந்தார். அந்தச் சமயம் நான் அத்தான் ஊர்ப்பக்கம் கொஞ்சம் வாழைத்தோட்டம் வாங்கினேன். ஆவணத்தை அத்தான்தான் எழுதினார். வாழ்நாளெல்லாம் எழுத ஆசைப்பட்டதை அன்று எழுதினார். வஸ்து இல்லை, அவகாசம் இல்லை, சர்க்கார் இல்லை. ஒரு கல், ஒரு உமி இல்லாமல் புடைத்தெடுத்த அரிசி மாதிரி இருந்தது. நிலம் விற்றவனோடும் என்னோடும் அவரும் உள்ளே வந்தார். துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டு வந்தார்.

அதிகாரி நல்ல மனிதர். மெதுவாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது.

“அருமையா இருக்கே! யாரு எழுதுனது?”

“நானாக்கும் ஐயா” என்றார் அத்தான். “ஒரு வேற்றுச் சொல் இருக்காது. எல்லாம் தூய தமிழாக்கும். நம்ம நாடு நமக்குக் கிடைச்சாச்சில்லியா, இனி இப்படித்தான் எழுதணும்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை ஆசையோடு பார்த்தார்.

“மலையாளத்துக்காரரா இருந்தும் தமிழை இம்புட்டு அழகா எழுதுதீரே! எத்தனை வருசம் ஆச்சுவே படிச்சு?”

அத்தானுக்கு முதலில் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த குமாஸ்தாக்களைப் பார்த்தார். அவர்களும் திருநெல்வேலிக்காரர்கள். அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நல்ல சிரிப்பாகத்தான்.

“நான் தமிழனாக்கும் ஐயா” என்றார்.

ராகம் ஏறி இறங்கியது. முதல் தடவையாக எனக்கே அது கேட்டது.

“இனிமே எல்லாரும் தமிழன்தாம்வே. வெக்கப்படாதேயும்” என்று சொல்லி அவர் முதுகில் தட்டிவிட்டு அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

அத்தான் வெளியே வந்து நேராக வீட்டைப் பார்த்து நடந்தார். அவருக்கு இது வேண்டும் என்று என் மனசு சொல்லிக்கொண்டுதான் வந்தது. ஆனால் வரப்பில் எனக்கு முன்னால் ஒரு தோள் இறங்கிப்போய் நடந்துகொண்டிருந்த அந்த முதுகைப் பார்க்கையில், தட்டிய கையின் தடம் அதில் இன்னும் இருக்கிற மாதிரி பட்டது.

அக்கா முற்றத்தில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் அவள் எதிரில் போய் நின்றார். எப்போதும் எதையாவது சொல்வதற்குத்தான் அப்படி நிற்பார். அன்று கேட்பதற்கு நின்றார். அந்த வீட்டில் அவர் அவளிடம் அபிப்பிராயம் கேட்டு நான் பார்த்ததில்லை.

“நீ சொல்லு. நான் பேசுறது எப்படி இருக்கு? தமிழ் மாதிரி இல்லியா? மலையாளம் மாதிரியா இருக்கு?”

அக்கா முறத்தை நிறுத்தினாள். அவருடைய முகத்தையே பார்த்தாள்.

“உள்ளதச் சொல்லு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்” என்றார். 

“எனக்கு எங்ஙன தெரியும்?” என்றாள் அக்கா. “அப்பா செத்ததுக்குப் பொறவு நீங்க பறஞ்ச ஒண்ணையும் நான் கேட்டதில்ல.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும். இல்லாத பொருளை இல்லை என்று சொல்வதுபோல் சொன்னாள். சொல்லிவிட்டு முறத்தில் கிடந்த கல்லை எடுத்து எறிந்துவிட்டு, மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள்.